வடகரைக்குச் சீக்கிரம் வந்துவிட்ட வண்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் மழுப்ப வேண்டாம் பாருங்கள்.

சாரல் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் போகிற சாலையில் ஒரு வேகத்தடைக்கு முன்னால் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. காரணம் ஒரு கார். தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பின்னால் பெஞ்சுப் பலகை அகலத்துக்கு ஓர் இறக்கை. ரேஸ் மைதானத்துக்கென்றே செய்த சாதி. அதனால் வேகத்தடையில் நேராக ஏற முடியவில்லை. நண்டு மாதிரி கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது. இடுப்பில் துண்டும் தலையில் எண்ணெயுமாக அருவிக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிப் பிடித்தது. மொபெட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது. காரின் பெயரும் நான் வைத்ததுதான், ஷோரூமில் போய்க் கேட்டு அவமானப்படாதீர்கள். ஒரு மனுஷன் ஒரு காரைப் பார்த்து எதற்காக வெட்கப்பட வேண்டும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும்.

2

முதல் தொடக்கம்: "பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை வெல்ட்ரா ஆர் மூன்றே நொடியில்" (விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "மலை முகட்டில் தவழும் வெண்மேகங்கள் குற்றாலத்தை" (சுற்றுலாத் துறை எனக்குச் சம்பளம் தரவில்லை. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: "குற்றாலீஸ்வரனுக்குக் கார் ஓட்டத் தெரியாது."

இது நிற்கட்டும். ஆனால் இதுவும் முழு உண்மை இல்லை. லைசென்ஸ் இருக்கிறது. எட்டுப் போட்டுக் காட்டி வாங்கியதுதான். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, மைத்துனன் கல்யாணத்தில், வேனை ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று போய்ப் பந்தல்காலைச் சாய்த்தார். அத்தோடு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

அவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் விடுகிறவர். வெண்டைக்காய் மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு அவர் வாயைத் திறந்தால், வாங்க வராதவனும் நின்று பார்ப்பான். மத்தியானத்துக்கு மேல் வீட்டில் அதே தொண்டை கார்களைப் பற்றிப் பேசியது. மனைவி சுகந்தி போனைப் பிடிக்க, அவர் சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டிப் பேசுவார். யூடியூபில் போடுவார்கள். மண்டிக்காரர்கள், டெம்போ டிரைவர்கள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற பிள்ளைகள், துபாயில் கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"மக்கா, வாரான் பாருங்க வெல்ட்ரா ஆர்! ஒம்பதாயிரம் ஆர்பிஎம்! டர்போ கிடையாது, ஒண்ணும் கிடையாது, அவன் மூச்சு அவனுக்கு! ஏசி இல்ல, பாட்டுப்பெட்டி இல்ல, சத்தம் தடுக்குத அட்டையப் பூராங் கழத்தி எறிஞ்சிட்டான். கதவுல கைப்பிடி கூட துணிவாருதான். எதுக்கு? எடை கொறையணும்லா! பின்னால இருக்க றெக்கை, காத்தைப் பிடிச்சு டயரைத் தரையில அமுக்கும். வளைவுல ஒட்டிக்கிட்டுப் போவான்லே!"

அந்தக் கார் வருகிறது, வருகிறது என்று இரண்டு வருஷம். ஒவ்வொரு முறை கம்பெனிக்காரன் தேதியைத் தள்ளிவைத்தபோதும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டு மைதானத்தில் அது ஒரு சுற்று ஓடின நேரத்தைச் சொந்த மகன் மார்க் மாதிரி மனப்பாடம் வைத்திருந்தார். கடைசியில் அது இந்தியாவுக்கு வந்து, கோயம்புத்தூர் மைதானத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு ஓட்டக் கொடுத்தார்கள். இவரை யார் கூப்பிடப்போகிறார்கள்? ஆனால் வீடியோவுக்குக் கீழே ஒருவன் எழுதிக் கேட்டுவிட்டான்: அண்ணாச்சி, நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா?

"ஓட்டாம வாய் பேசுவனாடே?" என்றார் குற்றாலீஸ்வரன், சுகந்தி பிடித்த போனைப் பார்த்து.

சுகந்தி போனைத் தாழ்த்தினாள். "இது எதுக்குங்க?"

"பேச்சுவாக்குல வந்துட்டுட்டீ. அந்த இடத்தை வெட்டிருதேன்."

வெட்டவில்லை. அடுத்த வீடியோவில், கோவையில் நாலாவது வளைவில் பின்பக்கம் லேசாக நழுவியதைக் கையால் செய்தே காட்டினார். அத்தனை பேர் கைதட்டினார்கள். சுகந்தி அன்றிலிருந்து போன் பிடிக்க வரவில்லை. ஒரு ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

(முதலில் எழுதியபோது பொய் சொன்ன இடத்திலிருந்து "அவர்" என்பதை "அவன்" ஆக்கியிருந்தேன். பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கதை எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலையைத்தானே அவரும் செய்தார்? போகாத ஊருக்குப் போய்வந்த மாதிரி எழுதுகிறவர்கள் அவர் மரியாதையில் கைவைப்பது நியாயமில்லை. திரும்ப "அவர்" ஆக்கிவிட்டேன்.)

3

இலஞ்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை பால்வண்ணநாதன். பெங்களூரில் சொந்தக் கம்பெனி, நல்ல ஓட்டம். இவர் வீடியோ ஒன்றையும் விடாதவன். வெல்ட்ரா ஆரை வாங்கியே விட்டான். வாங்கியவன், பூஜை போட ஊர்க்கோயிலுக்குக் கொண்டுவந்தான். அதுதான் முறை. எத்தனை கோடி வண்டியானாலும் எலுமிச்சம்பழத்தில் ஏறி இறங்காமல் அது வண்டி ஆகாது.

"அண்ணாச்சி, நீங்க அவசியம் வரணும்" என்று போனில் சொன்னான். போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கார் பதினைந்து கிலோமீட்டரில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு எந்தக் கால் வீட்டில் தங்கும்? மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இலஞ்சி முருகன் கோயில் வாசலில் ஊரே நின்றது. கார் மஞ்சள், பழுத்த எலுமிச்சை நிறம். குருக்கள் சந்தனம் வைக்க இடம் தேடினார். மூக்கிலும் முதுகிலும் காற்று போகக் கம்பெனிக்காரன் ஓட்டை ஓட்டையாக விட்டிருந்தான். கடைசியில் இறக்கையில் மூன்று பட்டை போட்டார். குற்றாலீஸ்வரன் பக்கத்தில் போய் அந்த இறக்கையைத் தொட்டார். இரண்டு வருஷமாகப் பேசிய ஒன்று கைக்குச் சில்லென்று இருந்தது.

நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார்கள். சூடம் ஏற்றினார்கள். பால்வண்ணநாதன் சாவியை ஒரு தட்டில், வெற்றிலை பாக்கோடு, குற்றாலீஸ்வரன் முன்னால் நீட்டினான்.

"நான் ஓட்டமாட்டேன் அண்ணாச்சி. நீங்கதான் பழத்துல ஏத்தணும். கோயமுத்தூர்ல இதை ஓட்டுன கை இந்த ஊர்ல ஒங்க கை மட்டுந்தான்."

எல்லாப் போனும் அவர் பக்கம் திரும்பியது. க்ளட்சு கால் வைத்தால் மிதிக்க முடியாத கனம் என்று அவரே நாலு வீடியோவில் சொல்லியிருக்கிறார். எதிரே பத்தடியில் கோயில் சுவர். வண்டி குலுங்கி நிற்கும், அல்லது நிற்காது. அந்த நிமிஷத்தில் அவருக்குக் காரைப் பற்றிய பயம் கூட இல்லை. எல்லாரும் பார்க்கப்போகிறார்கள் என்கிற ஒரே கூச்சம்தான் உள்ளங்கால் வரை இறங்கியது.

போன் அடிக்காமலே எடுத்துக் காதில் வைத்தார். இரண்டு முறை "ஆங், ஆங்" என்றார். பிறகு தட்டை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்குத் தீட்டு வந்துட்டு தம்பி. வடகரையில பெரியப்பா தவறிட்டாவளாம். இப்பந்தான் தகவல்."

* வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: அப்பா வழிப் பங்காளி வீட்டில் சாவு என்றால் கோயிலுக்குள் போகக் கூடாது, நல்ல காரியத்தில் கை வைக்கக் கூடாது. இதற்கு மேல் ஒரு சாக்கு எங்கள் பக்கத்தில் கிடையாது. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால்தான் அதை யாரும் பொய்யாகச் சொல்வதுமில்லை.

ஏன் பெரியப்பா? இந்த இடத்தில் பழைய பகை ஒன்றை வைக்கலாமா என்று பார்த்தேன். வரப்புத் தகராறு, பேச்சு வார்த்தை இல்லை, அப்படி ஏதாவது. ஒன்றும் இல்லை. சுந்தரபாண்டியன் பெரியப்பா ரிட்டையரான போலீஸ் ஏட்டு. எழுபதைத் தாண்டியவர், சொன்னால் நம்புவார்கள். அவ்வளவுதான் காரணம். அதற்குத்தான் எனக்குக் குற்றாலீஸ்வரன் மேல் கோபம் வருகிறது.

4

பால்வண்ணநாதனின் அம்மா குருவம்மாள் வடகரையில் பிறந்தவள் என்பதை அவர் மறந்துபோனார்.

"அய்யோ, ஏட்டு அண்ணாச்சியா? எங்க தெருல்லா! போன வாரங்கூட பஸ் ஸ்டாண்டுல பாத்தனே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அழுதுகொண்டே வடகரையில் இருக்கும் தம்பி இசக்கிதுரைக்குப் போன் போட்டாள். "ஏலே, ஏட்டு அண்ணாச்சி போயிட்டாவளாம்ல! நீ என்ன வீட்டுல உக்காந்திருக்க?"

குற்றாலீஸ்வரன் மொபெட்டைப் பார்த்து நடந்தார். பால்வண்ணநாதன் முன்னால் வந்து மறித்தான்.

"இந்த மழைக்குள்ள இதுலயா போவீங்க? ஏறுங்க அண்ணாச்சி. கொண்டு விட்டுருதேன்."

"வேண்டாம்டே. புது வண்டி. சாவு வீட்டுக்கு எடுக்கப்படாது."

கூட்டத்தில் எல்லாரும் குருவம்மாள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போப்பா. கூட்டிட்டுப் போ. நல்லது கெட்டதுக்கு ஆகாத வண்டி என்ன வண்டி?"

பால்வண்ணநாதன்தான் ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கினான். சூடம் பாதியில் இருந்தது.

5

இதுதான் அவர் இரண்டு வருஷமாகக் காத்திருந்த பயணம். உங்களுக்கும் இதைத்தான் காட்டுவதாக இருந்தேன், எவ்வளவு ஆசையாக ஆரம்பித்தேன் தெரியுமா?

தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடை நடுவில் இரண்டு என்று பால்வண்ணநாதன் வார்களைப் போட்டு இறுக்கினான். அசைய முடியவில்லை. செங்கோட்டை வரைக்கும் ஊர்ந்துதான் போனார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு பொத்தானை அமுக்கினால் மூக்கு தூக்கிக்கொடுத்தது. செங்கோட்டையைத் தாண்டிப் பண்பொழி சாலையில் இரண்டு பக்கமும் வயல், சாலை காலி, மழையும் விட்டிருந்தது. "நேரமாவுது அண்ணாச்சி" என்று சொல்லிப் பால்வண்ணநாதன் காலை அமுக்கினான்.

இடுப்பில் உதைத்த மாதிரி இருக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார். தப்பு. உதையெல்லாம் இல்லை. உடம்பு முன்னால் போக, உள்ளே இருப்பதெல்லாம் ஒரு நொடி பின்னால் தங்கிவிட்டு, அப்புறம் ஓடிவந்து சேர்கிறது. சத்தம் கத்தல் என்று சொல்லியிருந்தார். அதுவும் தப்பு. ஒன்பதாயிரத்தை நெருங்கும்போது அது பாட்டாகிறது. முதுகெலும்பு வழியாகக் கேட்கிறது. வளைவில் பால்வண்ணநாதன் பிரேக்கைத் தொட்டதும், வண்டி முன்னால் கவிழாமல் மொத்தமாகத் தரையில் உட்கார்ந்து, திரும்பி, மறுபடி எழுந்தது. பின்பக்கம் நழுவவே இல்லை.

குற்றாலீஸ்வரனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிற பெரியப்பாவின் சாவுக்குப் போகிற வழியில் அந்த மனுஷனுக்குக் கண்ணீர் வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பால்வண்ணநாதன் ஓரக்கண்ணால் பார்த்தான். "அழாதீங்க அண்ணாச்சி" என்று கத்தினான். கியரிலிருந்து கையை எடுத்து அவர் முழங்காலைத் தட்டினான்.

அவ்வளவுதான். உள்ளே என்னமோ அறுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் சொல்லியும் விட்டார்: "தம்பி, பெரியப்பா சாகல."

சத்தம் தடுக்கிற அட்டைதான் இல்லையே. கேட்கவில்லை. இந்த இடத்தில் அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று துள்ளினேன்: சொன்னார், என்ஜின் விழுங்கிவிட்டது, பழி கம்பெனிக்காரன் மேல். ஆனால் பால்வண்ணநாதன் நல்ல பிள்ளை. காலை எடுத்தான். சத்தம் அடங்கியது. தலையைச் சாய்த்து, "என்ன அண்ணாச்சி சொன்னீங்க?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு."

(பஸ்ஸில் போயிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். செங்கோட்டையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒரு டீ குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்போது சொல்லியிருப்பார். தைரியத்துக்கு நேரம் வேண்டும். அந்தக் கார் அவருக்கு அதைக் கொடுக்கவில்லை. திருமலைக் கோயில் மலை இடப்பக்கம் தெரிந்தது என்று நினைப்பதற்குள் வடகரை வந்துவிட்டது.)

6

ஆனாலும் குருவம்மாளின் போன் அந்த வண்டியையும் முந்தியிருந்தது.

வீட்டு முன்னால் டெம்போவிலிருந்து வாடகை நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்பாடு இசக்கிதுரை. யாரோ ரோஜா மாலையோடு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் தரையில் பெரியப்பாவின் மனைவி, பெரியம்மை ஆனந்தவள்ளி உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் பெண்கள்.

அவள் ஏன் நம்பினாள் என்று கேட்பீர்கள். காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன மனுஷன் திரும்பவில்லை. போன் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. வரப்பில் விழுந்திருப்பார், யாரோ தூக்கிப் போயிருப்பார்கள், கொழுந்தன் மகனுக்கு முதலில் தகவல் போயிருக்கும். அவளே ஒரு கதை கட்டிக்கொண்டாள். தேடிக்கொண்டு வயல்பக்கம் ஓடி, சகதியில் விழுந்து, பெண்கள் தூக்கிவந்திருக்கிறார்கள். புடவையில் பாதி சேறு. குங்குமம் மழையிலா வியர்வையிலா கலைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. ஒரு கை தாலியை இறுக்கிப் பிடித்திருந்தது, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

மஞ்சள் கார் வந்து நின்றதும் எல்லாரும் திரும்பினார்கள். குற்றாலீஸ்வரன் வார்களைக் கழற்றத் தெரியாமல் திணறினார். பால்வண்ணநாதன் குனிந்து கழற்றிவிட்டான்.

அதே நேரத்தில் தெருவின் அந்தக் கோடியிலிருந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, காக்கி டவுசரோடு, சுந்தரபாண்டியன் வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"யாருலே செத்தது?" என்றார்.

7

முடிவுகள்.

அ) யாரோ போன் போட்டுச் சொன்னார்கள் என்று குற்றாலீஸ்வரன் சொல்கிறார். எழுதியும் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் கேட்பவர் முப்பது வருஷம் ஸ்டேஷனில் இருந்தவர். "எந்த நம்பர்? போனைக் கொண்டா" என்று கை நீட்டுகிறார். அடுத்த வரி எனக்கு வரவில்லை.

ஆ) எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறார். பிறகு பெரியப்பா கடகடவென்று சிரிக்கிறார். "என்னைக் கொன்னதுக்குக் கூலியா அதுல ஒரு சுத்து கூட்டிட்டுப் போ!" மண்வெட்டியை இசக்கிதுரையிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்காருகிறார். மஞ்சள் கார் பறக்கிறது. ஊர் விசிலடிக்கிறது.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சண்முகப்பிரியாவுக்கு வாசிக்கக் கொடுத்தேன். நான் எழுதுவதை முதலில் வாசிக்கிற சிநேகிதி. தென்காசிக்காரி, லேசில் சிரிக்க மாட்டாள். வாசித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தந்தாள்.

"வண்டியில ரெண்டு சீட்டுதான?"

"ஆமா."

"பெரியம்மைய எங்க உக்கார வச்சீரு?"

தேடிப்பார்த்தேன். நான் எழுதிய அந்தச் சந்தோஷமான முடிவில் ஆனந்தவள்ளி எங்கேயும் இல்லை. சேற்றுப் புடவையோடு அவளைத் தரையில் விட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் காருக்குப் பின்னால் ஓடிவிட்டோம். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதைக் கிழித்துப் போட்டேன்.

8

ஆகவே திரும்ப வடகரைத் தெரு.

ஆனந்தவள்ளி புருஷனைப் பார்த்தாள். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், தவழ்கிற மாதிரி போய் அவர் காலைத் தொட்டாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கேவலும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "இருக்கியளா? இருக்கியளா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி காலைப் பிடிப்பது கூச்சமாக இருந்தது அவருக்கு. "ஏட்டி, எந்திரி. எனக்கென்ன? நல்லாத்தான இருக்கேன்" என்று தூக்கிவிட்டார்.

எழுந்தவள் குற்றாலீஸ்வரனைப் பார்த்தாள். நேராக அவரிடம் வந்தாள். அறையப்போகிறாள் என்று நினைத்தார். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அறையட்டும் என்று நானும் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் சேற்றுக்கையால் அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டதும் இப்படிப் பறந்து வந்திருக்கியே, ராசா. வயித்துல பெத்த பிள்ளை கூட இம்புட்டு வேகமா வராதேய்யா. எவன் வாயி இந்தப் பொய்யச் சொல்லிச்சோ, அவன் நல்லா இருக்கமாட்டான். நீ நல்லா இருக்கணும். நீ நூறு வயசு இருக்கணும்."

பால்வண்ணநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இசக்கிதுரை நாற்காலிகளைத் திரும்ப டெம்போவில் ஏற்றச் சொன்னான். சுந்தரபாண்டியன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, மகன் முறையான குற்றாலீஸ்வரனின் தோளில் கை போட்டார். குரலில் கோபம் இல்லை. அவர் பக்கம் நின்றுதான் கேட்டார்:

"ஒனக்கு யாருடே சொன்னது?"

குற்றாலீஸ்வரன் வாயைத் திறந்தார்.

திறந்த வாயோடு அவரை நான் நாலு நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன். உண்மையான எந்த வார்த்தையைப் போட்டாலும் பெரியம்மையின் கை நழுவுகிறது. நழுவாத வார்த்தை எதையாவது போட்டால் அது பொய்யாக இருக்கிறது. எனக்கு இதற்கு மேல் வெட்கப்படத் திராணி இல்லை. நான் எழுந்து போகிறேன். அவள் இன்னும் கையை விடவில்லை, பெரியப்பாவும் காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.